ஒரு துளி ரத்தம் சொல்லும் சாட்சி

வீட்டில் ஒரு குழந்தைக்கு ஜுரம் கண்டுவிட்டால் அன்று அந்த வீட்டில் வேறு காரியம் ஓடாது. பாட்டியார் சுக்கும் மிளகும் தட்டிக் கஷாயம் வைப்பார். தகப்பனார் மருந்துக் கடைக்குப் போய், சென்ற தடவை கொடுத்த அதே மாத்திரையைக் கேட்டு வாங்கி வருவார். அடுத்த வீட்டு அம்மாள் தம் பிள்ளைக்கு எந்த மருந்தில் குணமாயிற்று என்பதைச் சொல்லிவிட்டுப் போவார். இத்தனை பேரும் அன்பினால்தான் இவ்வளவும் செய்கிறார்கள். ஆயினும், ஜுரத்துக்கு மருந்து தேடும் அவசரத்தில், ஜுரம் எதனால் வந்தது என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாமல் நின்றுவிடுகிறது.

ஜுரம் என்பது ஒரு வியாதியின் பெயரன்று. அது ஓர் அறிவிப்பு. நள்ளிரவில் வாசலில் நாய் குரைத்தால், யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. வந்தவன் திருடனா, வழிப்போக்கனா, ஊரிலிருந்து வந்த உறவினனா என்பதை நாய் சொல்லாது. விளக்கை எடுத்துக்கொண்டு போய் நாம்தான் முகத்தைப் பார்க்க வேண்டும். உடம்பின் விஷயத்தில் அப்படி விளக்குப் பிடித்துப் பார்ப்பதற்கு வைத்திய சாஸ்திரம் கண்ட வழிகளுள் மிக எளியது, விரல் நுனியிலிருந்து எடுத்த ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்ப்பதாகும். அந்தத் துளியில் என்ன இருக்கிறது, அது எவ்வாறு சாட்சி சொல்லுகிறது, அந்தச் சாட்சியைச் சரியாகக் கேட்பதற்கு நம் தேசத்தில் எவ்வளவு காலமும் உழைப்பும் தேவைப்பட்டன என்பவற்றை மாணவ மாணவிகளும் அவர்களுடைய பெற்றோரும் அறிந்துகொள்வது நல்லது.

துளிக்குள் ஒரு நகரம்

வயது வந்த மனிதனின் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. பார்வைக்கு ஒரே சிவப்புத் திரவமாகத் தோன்றினாலும், அதில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பாகம் வைக்கோல் நிறமுள்ள நீர். இதைப் பிளாஸ்மா என்பார்கள். மற்றப் பாகம் முழுவதும் அந்த நீரில் மிதக்கும் அணுக்கள். அவை மூன்று வகை: சிவப்பணுக்கள், வெள்ளையணுக்கள், தட்டணுக்கள்.

எண்ணிக்கையில் முதல் இடம் சிவப்பணுக்களுக்கே. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள் உண்டு. பெண்களுக்குச் சற்றுக் குறைவு. விரலிலிருந்து சொட்டும் சாதாரணத் துளி ஒன்றில் 25 கோடி இருக்கும் என்று கணக்கிடலாம். ஒவ்வொன்றும் நடுவில் இரு பக்கமும் குழிந்த சிறு வட்டு. 130 வட்டுகளை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். இவற்றுக்குள் ஹீமோகுளோபின் என்ற பொருள் நிறைந்திருக்கிறது. அதில் இரும்புச் சத்து உண்டு. நுரையீரலில் பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு, உடம்பின் மூலை முடுக்குகளிலெல்லாம் அதை இறக்கி வைப்பது இந்த ஹீமோகுளோபினின் வேலை. சுமை தூக்குவதற்கு இடம் வேண்டும் என்பதற்காகவே போலும், சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் முதிரும்போது தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது! உட்கரு இல்லாத அணுவுக்குத் தன்னைப் பழுது பார்த்துக்கொள்ள வகையில்லை. ஏறத்தாழ 120 நாட்கள் ஓடி உழைத்துவிட்டு மாய்ந்துபோகிறது. மாய்வதற்கு ஈடாக, விநாடிக்குச் சுமார் 20 லட்சம் புதிய அணுக்கள் மஜ்ஜையிலிருந்து புறப்பட்டு வருகின்றன.

வெள்ளையணுக்கள் காவற்காரர்கள். ஒரு கன மில்லிமீட்டரில் 4,000 முதல் 11,000 வரை இவை இருக்கும். அதாவது, அறுநூறு எழுநூறு சுமைகூலிகளுக்கு ஒரு காவற்காரன் என்ற விகிதம். தட்டணுக்களோ அணு என்று சொல்வதற்கே தகுதியில்லாத சிறு துணுக்குகள். ஒரு கன மில்லிமீட்டரில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை உண்டு. காய்கறி நறுக்கும்போது விரல் வெட்டுப்பட்டு, சில நிமிஷங்களில் ரத்தம் தானே நின்றுவிடுகிறதல்லவா? வெட்டுவாயில் ஓடி வந்து ஒட்டிக்கொண்டு முதல் அடைப்பைப் போடுபவை இந்தத் தட்டணுக்களே. இவற்றின் இந்தப் பயனை 1882-ஆம் வருஷம் இத்தாலிய வைத்தியர் பிட்ஸோஸெரோ விளக்கினார்.

சாயம் காட்டிய வேற்றுமை

சிவப்பணுக்களைத் தெளிவாகக் கண்டு வர்ணித்தவர் ஹாலந்து தேசத்துத் துணி வியாபாரியான லேவன்ஹூக். தம் கையாலேயே தேய்த்துச் செய்த சிறு கண்ணாடி வில்லையின் உதவியால் 1674-ஆம் வருஷம் அவர் அவற்றைப் பார்த்தார். இரண்டு வருஷங்களுக்குப் பிறகு, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களையும் கண்டு எழுதினார். ஆனால், வெள்ளையணுக்கள் நிறமற்றவை. கண்ணாடி போன்ற அவற்றின் உள்ளமைப்பைக் காண இன்னும் இருநூறு வருஷங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

வழி காட்டியது சாயத் தொழில். ஜெர்மனியின் பால் எர்லிக், துணிக்கு ஏற்றும் சாயங்களை ரத்தத்துக்கு ஏற்றிப் பார்த்தார். நம் ஊர்ச் சாயக்காரர்கள் அறிந்த உண்மைதான் அங்கும் தெரிந்தது: பட்டு ஒரு சாயத்தைப் பிடிக்கும், பருத்தி வேறொன்றைப் பிடிக்கும். அணுவின் ஒரு பாகம் இயோஸின் என்ற செஞ்சாயத்தைப் பற்றிக்கொண்டது. மற்றொரு பாகம் மெதிலீன் நீலத்தைப் பற்றிக்கொண்டது. இயோஸ் என்பது கிரேக்கர்களின் உதயகாலத் தேவதையின் பெயர். அந்தச் சிவப்பை விரும்பி ஏற்கும் வெள்ளையணுவுக்கு இயோஸினோபில் என்று பெயர் வந்தது. இவ்வாறு, காவற்காரர்களிலும் ஐந்து பிரிவினர் உண்டு என்பது தெளிவாயிற்று.

முதற் பிரிவு நியூட்ரோபில். நூற்றுக்கு ஐம்பது முதல் எழுபது வரை இவையே. பாக்டீரியா நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடுபவை இவை. கட்டியிலிருந்து வழியும் சீழ், போரிட்டு மடிந்த இவற்றின் குவியலே. அடுத்தது லிம்போஸைட், பகைவனை அடையாளம் கண்டு, அவனுக்கென்றே தனி ஆயுதம் செய்து, மறுமுறை வந்தால் நினைவும் வைத்திருக்கும் பிரிவு. அம்மை ஒரு தடவை வந்தவருக்குப் பெரும்பாலும் மறுபடி வராததும், தடுப்பூசி பயன் தருவதும் இதனால்தான். வயிற்றுப் புழுக்களும் ஒவ்வாமையும் உள்ள இடத்தில் இயோஸினோபில் பெருகும். பேஸோபில் மிக அபூர்வம். நூற்றுக்கு ஒன்றுகூட இராது. ஐந்தாவது பிரிவாகிய மோனோஸைட், ரத்தத்தில் சில நாட்கள் திரிந்துவிட்டு, மண்ணீரல், கல்லீரல் முதலிய இடங்களில் புகுந்து, பெருந்தீனி அணுவாக மாறித் தங்கிவிடும். அந்நியப் பொருளைக் கண்டால் வளைத்து விழுங்கிச் செரித்துவிடும்.

அணுக்கள் இவ்வாறு விழுங்கிக் காக்கின்றன என்ற உண்மையைக் கண்டவர் ருஷ்யாவின் மெச்னிகாவ். 1882-ஆம் வருஷம் ஸிஸிலித் தீவில் மெஸீனா நகரில் அவர் வசித்தார். வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த ஒரு நாள், கண்ணாடி போன்ற உடலுள்ள நட்சத்திர மீன் குஞ்சுகளைப் பூதக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு யோசனை பிறந்தது. தோட்டத்து ரோஜாச் செடியின் முட்களைக் கொண்டுவந்து, குஞ்சின் உடம்பில் மெல்லச் செருகினார். இரவெல்லாம் அவருக்குத் தூக்கமில்லை. விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றி அணுக்கள் கூட்டமாகச் சூழ்ந்து நின்றன. இந்தப் பணிக்காக 1908-இல் எர்லிக்கும் அவரும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சுமைகூலியின் குடிசையில் ஒளிந்தவன்

காவல் இவ்வளவு பலமாக இருக்கும்போது கிருமி எப்படிப் பிழைக்கிறது? மாணவர்கள் வகுப்பில் தவறாமல் கேட்கும் கேள்வி இது. நல்ல கேள்வி. கெட்டிக்காரத் திருடன் தெருவில் நிற்கமாட்டான். யாருக்கும் சந்தேகம் வராத ஒரு வீட்டுக்குள் நுழைந்துகொள்வான். மலேரியாக் கிருமி செய்வது அதுவே.

1880-ஆம் வருஷம் நவம்பர் 6-ஆம் தேதி, ஆப்பிரிக்காவின் வடக்கில் அல்ஜீரியாவிலுள்ள கான்ஸ்டன்டைன் நகரில், லாவரான் என்ற பிரெஞ்சு ராணுவ வைத்தியர் ஜுரத்தில் கிடந்த ஒரு சிப்பாயின் ரத்தத்தைப் பரிசோதித்தார். அதில் இழைகளை வீசி அசையும் உயிர்கள் தென்பட்டன. இவை பாக்டீரியா அல்ல. அவற்றைவிட மேம்பட்ட அமைப்புள்ள ஓரணு உயிர்கள். இவை சிவப்பணுவுக்குள் குடியேறுகின்றன. உடம்பின் மற்ற அணுக்களுள் பகைவன் நுழைந்தால், அவை அவனுடைய துணுக்கு ஒன்றைத் தம் வெளிப்புறத்தில் காட்டிக் காவலரை எச்சரிக்கும். உட்கருவைத் துறந்து முதிர்ந்த சிவப்பணுவுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே உள்ளே இருக்கும் கிருமி ஹீமோகுளோபினைத் தின்று கொழுத்து, பலவாகப் பிரிந்து, அணுவை வெடித்துக்கொண்டு வெளிவருகிறது. ஏராளமான அணுக்கள் ஏககாலத்தில் வெடிக்கும்போதுதான் குளிர் உலுக்குகிறது, ஜுரம் ஏறுகிறது, பிறகு வியர்வை பெருகுகிறது. வைவாக்ஸ் என்ற இனத்தில் இது 48 மணிக்கு ஒரு தடவை நிகழும். நம் முன்னோர் இதற்கு முறைக்காய்ச்சல் என்று பெயரிட்டது எவ்வளவு பொருத்தம்!

இந்தக் கிருமி மனிதனுக்கு எப்படி வருகிறது என்ற கேள்விக்கு விடை நம் தேசத்தில்தான் கிடைத்தது. அல்மோராவில் பிறந்தவரும் இந்திய வைத்திய சர்வீஸைச் சேர்ந்தவருமான ரொனால்ட் ராஸ், செகந்தராபாத்தில் கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்து வந்தார். உசேன் கான் என்ற மலேரியா நோயாளி, தம்மைக் கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் பெற்றுக்கொண்டு, பரிசோதனைக்குத் தம் ரத்தத்தைக் கொடுத்தார். 1897-ஆம் வருஷம் ஆகஸ்டு 20-ஆம் தேதி, புள்ளியிட்ட இறகுள்ள கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியின் வளர்ச்சியை ராஸ் கண்டார். மறு வருஷம் கல்கத்தாவில் பறவைகளைக்கொண்டு சுற்று முழுவதையும் நிரூபித்தார். 1902-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஓரணாக் கூலிக்குக் கையை நீட்டிய உசேன் கானையும் அந்த வெற்றியில் நாம் நினைத்துப் பார்ப்பது நியாயம்.

கொயினாவுக்கு மசியாத ஜுரம்

அதே காலத்தில் அஸ்ஸாமில் இன்னொரு கொடிய ஜுரம் கிராமம் கிராமமாகப் பரவிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் ஜுரம் விடாது. மண்ணீரல் வீங்கி வயிறு பானை போலாகும். கை கால் குச்சியாகும். உடம்பு கறுக்கும். கறுப்பு நோய் என்ற பொருளில் ஜனங்கள் இதைக் காலா அஸார் என்றார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இதில் மாண்டுபோவார்கள்.

ஜுரமும் வீங்கிய மண்ணீரலும் மலேரியாவிலும் உண்டு. ஆகையால் காலா அஸாரும் மலேரியாவின் கடுமையான வடிவமே என்று பல வைத்தியர்கள் எண்ணினார்கள். கொயினா கொடுத்தார்கள், ஜுரம் மசியவில்லை. இதில் விந்தை என்னவென்றால், 1898-இல் அஸ்ஸாமுக்கு அனுப்பப்பட்டு ஆராய்ந்த ராஸும் அதே முடிவுக்குத்தான் வந்தார். மலேரியாவின் வேரைக் கண்டவர் கண்ணுக்கே இந்த ஜுரம் மலேரியாவாகத் தோன்றிற்று என்றால், வெளிக்குறிகளை மட்டும் நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

1900-ஆம் வருஷம், கல்கத்தாவை அடுத்த டம்டமில் ஜுரம் பிடித்து இங்கிலாந்துக்குத் திரும்பிய ஒரு சிப்பாய், நெட்லி ராணுவ ஆஸ்பத்திரியில் இறந்தான். அவனுடைய மண்ணீரலைப் பரிசோதித்த வில்லியம் லீஷ்மன், முட்டை வடிவமான சிறு பொருள்களைக் கண்டார். இன்றும் நம் கல்லூரிப் பரிசோதனைச் சாலைகளில் ரத்தத்துக்கு ஏற்றும் லீஷ்மன் சாயம் இவர் பெயரால் வழங்குவதே. தாம் கண்டதை அவர் 1903-இல்தான் வெளியிட்டார். அந்தச் சமயத்தில் சென்னை வைத்தியக் கல்லூரியில் உடலியல் ஆசிரியராக இருந்தவர் சார்லஸ் டோனவன். கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரர். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் மலேரியா என்று கருதப்பட்டு, கொயினாவால் குணமாகாமல் கிடந்த நோயாளிகள்மேல் அவருக்கு ஏற்கெனவே ஐயம் இருந்தது. இறந்தவர்களின் மண்ணீரலில் அந்தப் பொருள்களை அவரும் பார்த்திருந்தார். இறந்த உடம்பில் தோன்றும் சிதைவோ என்ற சந்தேகத்துக்கு இடமில்லாதபடி, அதே 1903-இல் உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து ஊசியால் எடுத்த ரத்தத்திலும் அவற்றைக் கண்டார். புதிய கிருமி என்பது உறுதியாயிற்று. அதற்கு லீஷ்மேனியா டோனவானி என்று இருவர் பெயரையும் சேர்த்துச் சூட்டியவர் யார் தெரியுமா? அந்த ஜுரத்தை மலேரியா என்று முன்னர் எழுதிய ராஸேதான்! உண்மை தெரிந்தபின் பழைய முடிவைக் கைவிட அவர் தயங்கவில்லை.

காவற்சாவடியில் கள்வன்

இந்தக் கிருமி ஒளிந்த இடமோ மலேரியாக் கிருமியின் ஒளிவிடத்தைக் காட்டிலும் ஆச்சரியமானது. மெச்னிகாவ் வியந்த பெருந்தீனி அணுவே இதன் வீடு! காவற்காரன் இதை விழுங்குகிறான். செரிப்பதற்காகப் புளித்த ரசங்கள் நிறைந்த பைக்குள் தள்ளுகிறான். வேறு கிருமிகள் கரைந்துபோகும் அந்தப் பையிலே இது சுகமாக வாழ்ந்து பெருகுகிறது. அணு நிறைந்து உடைந்ததும் அடுத்த காவற்காரன் வந்து விழுங்குகிறான்.

மண்ணீரலும் கல்லீரலும் எலும்பு மஜ்ஜையும் இத்தகைய அணுக்களால் நிரம்பும்போது மூவகை அணுக்களும் ஏககாலத்தில் குறைகின்றன. சிவப்பணு குறைவதால் நோயாளி வெளுத்து மூச்சு வாங்குகிறான். வெள்ளையணு குறைவதால் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் எளிதில் தாக்குகின்றன. தட்டணு குறைவதால் ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசிகிறது. ரத்தத்தின் மூன்று சேவகர்களும் நமக்கு என்ன செய்கிறார்கள் என்பதை, அவர்களை இழந்து நிற்கும் காலா அஸார் நோயாளியைப்போல் தெளிவாகக் காட்டும் பாடம் வேறில்லை.

கிருமியைக் கண்டாயிற்று, அது பரவும் வழி தெரிய மேலும் நாற்பது வருஷங்கள் ஆயின. மண் சுவர் வெடிப்புகளிலும் ஈரமான மாட்டுக் கொட்டில்களிலும் வாழும், கொசுவைவிடச் சிறிய மணல் ஈயின்மேல் சந்தேகம் விழுந்தது. ஆனால், பரிசோதனையில் அந்த ஈ நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்க மறுத்தது. ஸ்மித், ஹால்தார், அகமது என்ற மூவர், நோய் ரத்தம் குடித்த ஈக்களுக்கு மறுபடி ரத்தம் கொடுக்காமல், உலர்ந்த திராட்சையை உணவாக வைத்துப் பார்த்தார்கள். கிருமிகள் ஈயின் தொண்டை அடைபடும்படி பெருகிவிட்டன! பூச்சிக்கு இயல்பான இனிப்புச் சாறு கிடைக்காததே முன்னைய தோல்விகளுக்குக் காரணம். இதைக் கைக்கொண்டு, 1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்ஸன் ஆகியோர், தாமாக முன்வந்த மனிதர்களை மணல் ஈக்கள் கடிக்கச் செய்து, நோய் பரவுவதை ஐயமற நிரூபித்தார்கள். சாகடிக்கும் வியாதி என்று தெரிந்தும் அந்தப் பரிசோதனைக்கு இசைந்தவர்களின் துணிவு போர்க்களத் துணிவுக்குக் குறைந்ததன்று.

மண்ணெண்ணெய் விளக்கடியில் பிறந்த மருந்து

அதற்கு முன்பே மருந்து வந்துவிட்டது. அதைத் தந்தவர் வங்காளத்து வைத்தியர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. கல்கத்தாவின் கேம்பெல் ஆஸ்பத்திரியில் அவருக்கு வாய்த்த பரிசோதனைச் சாலை ஒரு சிற்றறை. எரிவாயு இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, மின்சாரமும் இல்லை. இரவு வேலைக்கு மண்ணெண்ணெய் லாந்தர் ஒன்றே துணை. அஞ்சனக் கல்லிலிருந்து கிடைக்கும் ஆன்டிமனி என்ற உலோகத்தின் உப்புகள் காலா அஸாரைத் தாக்கும் என்று முன்பே தெரிந்திருந்தது. ஆனால், அவற்றை மாதக்கணக்கில் செலுத்த வேண்டும், விஷத்தன்மையும் அதிகம். பல சேர்க்கைகளை முயன்று பார்த்த பிரம்மச்சாரி, ஆன்டிமனிக் கூட்டுப்பொருள் ஒன்றை யூரியாவுடன் சேர்த்து, யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தை ஆக்கினார். 1922-இல் அதன் பலனை வெளியிட்டார். மாதங்கள் எடுத்த சிகிச்சை சில வாரங்களாகக் குறுகியது. அஸ்ஸாமிலும் வங்காளத்திலும் பிஹாரிலும் லட்சக்கணக்கானோர் உயிர் பிழைத்தார்கள்.

இன்று அந்த மருந்தின் இடத்தில் அதனினும் நல்ல மருந்துகள் வந்திருக்கின்றன. ஒரே தடவை நரம்பில் செலுத்தும் ஆம்போடெரிஸின் மருந்தினாலேயே குணம் கிடைக்கிறது. 1992-ஆம் வருஷம் இந்தியாவில் 77,000-க்கு மேற்பட்டோரைப் பீடித்த இந்த நோய், அண்மை வருஷங்களில் வருஷத்துக்கு ஆயிரம் பேருக்கும் குறைவாக இறங்கியிருக்கிறது. பங்களாதேஷ் இதைப் பொது ஆரோக்கியப் பிரச்னை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக 2023-இல் உலக சுகாதார ஸ்தாபனம் அங்கீகரித்தது. மலேரியாவிலோ, நம் அண்டையிலுள்ள இலங்கை 2016-இல் முற்றிலும் விடுதலை பெற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. ஜுரம் கண்டவர் ஒவ்வொருவரின் ரத்தத்தையும் விடாமல் பரிசோதித்து வந்தது அந்த வெற்றிக்குப் பெரியதொரு காரணம்.

வீட்டுக்கு வரும் காகிதம்

இனி, நம் வீடுகளுக்கு வருவோம். ரத்தப் பரிசோதனை முடிந்து வரும் காகிதத்தில் உள்ள எண்களைக் கண்டு கலங்குவோர் பலர். மூவகை அணுக்களின் தொழில் தெரிந்தவருக்கு அந்தக் காகிதம் புரியாத சாசனம் அன்று.

ஹீமோகுளோபின் என்று எழுதியிருப்பது சுமைகூலியின் பலம். ஒரு டெஸிலிட்டரில் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் சோகை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை இருக்கிறது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தை உண்ணும் தாய்மார்கள் உள்ள தேசத்தில் இந்த எண்ணைக் கண்டு ஆச்சரியப்படுவதற்கில்லை, வெட்கப்படுவதற்கு இடமுண்டு.

வெள்ளையணுக்களின் மொத்தமும் பிரிவுகளும் எந்தப் படை கிளம்பியிருக்கிறது என்பதைச் சொல்லும். நியூட்ரோபில் மிகுந்தால் பெரும்பாலும் பாக்டீரியா. இயோஸினோபில் மிகுந்தால் புழுவோ ஒவ்வாமையோ இருக்கலாம். ஆனால், ஒரே எண்ணைக் கொண்டு தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. டைபாய்டு பாக்டீரியாவால் வருவதே. எனினும் அதில் வெள்ளையணு பல சமயங்களில் ஏறுவதில்லை, குறைவதும் உண்டு. ரத்தத்தை வளர்ப்புக் கரைசலில் வைத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் அங்கே உண்மை தெரியும். எண்களைச் சேர்த்து வைத்துப் படிப்பது வைத்தியரின் பொறுப்பு.

டெங்கு ஜுரத்தில் தட்டணுக்கள் குறைகின்றன. டெங்கு வைரஸால் வருவது. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் மருந்து அதை ஒன்றும் செய்யாது. ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்ற மாத்திரைகள் ரத்தக் கசிவை அதிகமாக்கும். ஆதலால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். நீராகாரம் நிறையக் கொடுக்க வேண்டும். ஜுரம் இறங்கிவிட்டதென்று நாம் நிம்மதி அடையும் வேளையே அதில் அபாயமான வேளை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒரே ஜுரம், வந்தவர்களோ எத்தனை வகை! மலேரியாவின் மருந்து டைபாய்டைத் தீர்க்காது. டைபாய்டின் மருந்து டெங்குவைத் தீர்க்காது. பெயர் தெரியாமல் விழுங்கும் ஆன்டிபயாட்டிக் இன்றைய ஜுரத்துக்கு உதவாமற் போவதோடு, உடம்பிலுள்ள பாக்டீரியாக்களுக்கு அந்த மருந்தை எதிர்க்கும் பயிற்சியையும் கொடுத்துவிடுகிறது. நாளைக்கு உண்மையாகவே அது தேவைப்படும்போது பலிக்காது.

ஆகவே, பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜுரம் இரண்டு நாளைக்குமேல் நீடித்தாலும், குளிர் நடுக்கத்தோடு வந்தாலும், மருந்துக் கடைக்குப் போவதற்குமுன் ரத்தத்தைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். கைக்குழந்தையாக இருந்தால் முதல் நாளே வைத்தியரிடம் காட்டுங்கள். அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலேரியாவுக்கான ரத்தப் பரிசோதனைக்குக் காசு வேண்டியதில்லை. விரலில் ஒரு குத்து. கண்ணாடியில் ஒரு தடவல். அதற்குமேல் நோயாளிக்கு வேறு சிரமம் கிடையாது.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்லூரியில் பூதக் கண்ணாடியை முதன் முதலாகக் குனிந்து பார்க்கும்போது, இளஞ்சிவப்பு வட்டுகளின் கூட்டத்துக்கு நடுவே ஊதா நிற உட்கருவோடு ஒரு வெள்ளையணு தென்படும். பரீட்சைக்கு வேண்டிய படத்தை வரைந்துகொண்டு எழுந்துவிடாதீர்கள்; இன்னும் சற்று நேரம் பாருங்கள். சென்னையில் டோனவன் உட்கார்ந்து பார்த்ததும் இத்தகைய ஒரு கண்ணாடித் துண்டைத்தான். எல்லோரும் மலேரியா என்று சொன்ன பிறகும் அவர் அதை மறுபடி ஒருமுறை பார்த்தார்.